மரியா என்ற பெயருக்கு என்ன பொருள்?

உலகில் பெண்களுக்கு மிக அதிகமாக இடப்பட்ட பெயர்களின் பட்டியலை யார் எடுத்தாலும் மரியாவை விட்டுவிட முடியாது. மரியாள், மேரி, மரியம், மிரியாம், மறியாம்மா, மெரியெம், மாஷா, மொய்ரா என்று அது ஊருக்கொரு வேடம் போட்டிருக்கிறது. ஆனால் அதன் பொருள் என்ன என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன, வழக்குதான் முடியவில்லை. ஜெர்மானிய இறையியலாளர் ஓட்டோ பார்டன்ஹேவர் இந்தப் பெயருக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களின் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு 1895இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். அக்காலத்துக்குள் சேர்ந்திருந்த விளக்கங்கள் அறுபதைத் தாண்டும். கசப்பு, கலகம், கடல்துளி, கடல் விண்மீன், தலைவி, அன்புக்குரியவள், உயரம், கொழுமை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள்.

இவற்றில் முதன்மையானவை எங்கே பிறந்தன, எங்கே இடறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. பெயர் எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. ஏன் இவ்வளவு பரவியது என்பது வேறு கேள்வி. பழைய விளக்கங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் சேர்த்துக் குழப்பியவை. பெயருக்கு இவ்வளவு பெருமை இருக்கும்போது பொருளும் அதற்கேற்றாற்போல் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே பலரை இழுத்துச் சென்றிருக்கிறது.

முதல் மிரியாம்

பெயரின் மிகப் பழைய இலக்கிய இடம் எபிரேய வேதாகமம். மோசேக்கும் ஆரோனுக்கும் சகோதரியான மிரியாம் யாத்திராகமத்தில் தீர்க்கதரிசி என்று குறிக்கப்படுகிறாள். கடலைக் கடந்த பிறகு தம்புரு எடுத்துப் பெண்களை நடத்திச் செல்பவள் அவள். எண்ணாகமத்தில் மோசேயை எதிர்த்துப் பேசித் தொழுநோய்க்கு ஆளாகிறாள். காதேசில் இறந்து அடக்கம் செய்யப்படுகிறாள். மீகாவின் நூல் அவளைத் தம்பிமார் இருவருக்கும் இணையாக வைத்துப் பேசுகிறது.

இத்தனை முக்கியமான பெண்ணின் பெயர் அதே வேதாகமத்தில் வேறு யாருக்கும் ஏறக்குறைய இல்லை. முதல் நாளாகமத்தின் வம்சப் பட்டியல் ஒன்றில் இன்னொரு மிரியாம் உண்டு. அது ஆணா பெண்ணா என்பதே அங்கு தெளிவில்லை. அவ்வளவுதான். பிற்காலத்தில் வீட்டுக்கு வீடு புழங்கிய ஒரு பெயர் பல நூற்றாண்டுகள் கிட்டத்தட்டத் தொடப்படாமல் கிடந்திருக்கிறது.

அடுத்தது உச்சரிப்பு. எபிரேய எழுத்தில் இருப்பவை ம-ர-ய-ம என்ற நான்கு மெய்கள் மட்டுமே. அதை ‘மிர்யாம்’ என்று வாசிக்கும்படி உயிர்க்குறி இட்டவர்கள் கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை உழைத்த மசோரேத்திய அறிஞர்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு அதே பெயரை ‘மரியாம்’ என்று எழுதுகிறது. சிரிய மொழியிலும் அரபியிலும் ‘மர்யம்’. சொல்லின் முதலில் இருந்த அகரம் எபிரேயத்தில் பின்னர் இகரமாகத் தேய்வது தனித்த நிகழ்வல்ல. யாத்திராகமத்தில் வரும் மிக்தோல் என்ற இடத்தையும் கிரேக்கம் ‘மக்தோலோஸ்’ என்றே எழுதுகிறது. ஆகவே மர்யம் என்பதுதான் மூத்த வடிவம், மிரியாம் இளையது என்பதில் இன்று பெரிய தகராறு இல்லை. இந்தச் சிறிய உயிரெழுத்துதான் பின்னால் வரும் பல விளக்கங்களுக்குக் கண்டம்.

கசப்பும் கலகமும்

யூத ரபிமார்களின் பழைய விளக்கம் கசப்பு. எகிப்தியர் இஸ்ரவேலரின் வாழ்வைக் கசப்பாக்கிய காலத்தில் பிறந்ததால் அவளுக்கு இப்பெயர் என்பது அவர்கள் சொன்ன கதை. வேதாகமம் அந்த அடிமைத்தனத்தை விவரிக்கையில் ‘கசப்பு’ என்ற வேரிலிருந்து வரும் வினையைப் பயன்படுத்துவது இதற்கு வசதியாக அமைந்தது. பிரசங்கத்துக்கு ஏற்ற விளக்கம், இலக்கணத்துக்கு அல்ல. கசப்பைக் குறிக்கும் எபிரேய வேரில் ரகரம் இரட்டிக்கும். பெயரில் அது இல்லை. நடுவில் நிற்கும் யகரத்துக்கும் வேரில் இடமில்லை. ரூத் நூலில் நகோமி தன்னைக் கசப்பானவள் என்று அழைக்கச் சொல்லும்போது எடுத்துக்கொள்ளும் பெயர் மாராள். கசப்பிலிருந்து ஒரு பெண்பெயர் செய்தால் எபிரேயத்தில் அது எப்படி இருக்கும் என்பதற்கு வேதாகமமே தரும் சாட்சி அது.

கலகம் என்ற விளக்கத்துக்கு எழுத்தளவில் இன்னும் வலுவான ஆதரவு உண்டு. நெகேமியா நூலின் 9ஆம் அதிகாரத்தில் ‘அவர்களுடைய கலகம்’ என்ற பொருளில் வரும் சொல், முன்னொட்டை நீக்கினால், மிரியாம் என்ற பெயருடன் எழுத்துக்கு எழுத்து, உயிர்க்குறிக்கு உயிர்க்குறி ஒத்துப்போகிறது. மோசேயை எதிர்த்தவளுக்கு ‘கலகம்’ என்ற பெயர் பொருத்தம்தானே என்று தோன்றும். அந்தப் பொருத்தமே சந்தேகத்துக்கும் காரணம். பிறந்த குழந்தைக்கு முதுமையில் செய்யப்போகும் குற்றத்தைப் பார்த்து யாரும் பெயர் வைப்பதில்லை. அதைவிட முக்கியம், இந்த ஒற்றுமை மிரியாம் என்ற பிந்திய உச்சரிப்போடுதான் பொருந்துகிறது. மர்யம் மூத்தது என்றால் கலகம் கைவிட்டுப் போகிறது.

அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் பைலோ, கி.பி. முதல் நூற்றாண்டில், மிரியாமை ‘நம்பிக்கை’ என்று உருவகமாக வாசித்தார். அவர் தேடியது சொல்லின் வேரை அல்ல, ஆன்மாவின் இயல்புகளை. அந்த விளக்கம் பின்வந்தவர்களிடம் அதிகம் ஒட்டவில்லை.

ஒரு துளி விண்மீனான கதை

இந்த வரலாற்றில் மிகவும் சுவையான அத்தியாயம் ஓர் எழுத்துப்பிழை, அல்லது எழுத்துப்பிழை என்று பலர் கருதுவது. வேதாகமத்தை இலத்தீனில் தந்த ஜெரோம், ஏறத்தாழ 390இல் எபிரேயப் பெயர்களுக்கு ஒரு பொருளகராதி தொகுத்தார். மரியாவுக்கு அவர் பல பொருள்களை அடுக்குகிறார்: ஒளியூட்டுபவள், கடலின் வெள்ளைப்போளம், கடல்துளி, கசப்புக்கடல். கடைசி இரண்டே மேலானவை என்கிறார். சிரிய மொழியில் இப்பெயர் ‘தலைவி’ என்று பொருள்படும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இலத்தீனில் துளி ‘ஸ்தில்லா’; விண்மீன் ‘ஸ்தெல்லா’. இகர எகரங்கள் பேச்சிலும் படியெடுப்பவர் கையிலும் அடிக்கடி இடம் மாறிக்கொண்ட மொழி அது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பாம்பெர்க் கையெழுத்துப்படி ஒன்றில் ‘துளி’ என்றே இருக்கிறது. ஆனால் 636இல் இறந்த செவில் நகர இசிதோர் தம் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது ‘கடல் விண்மீன்’. ஜெரோமின் துளி எங்கோ வழியில் விண்மீனாகிவிட்டது என்பதே பார்டன்ஹேவர் முதலானோரின் முடிவு. ஜெரோமே விண்மீன் என்று எழுதியிருக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் எபிரேயத்தில் ‘மர்’ என்ற சொல் துளியைக் குறிப்பதை ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரம் காட்டுகிறது, விண்மீனைக் குறிப்பதற்கு எங்கும் இடமில்லை. எபிரேயம் அறிந்த ஜெரோம் துளியைத்தான் சொல்லியிருப்பார் என்பதே நியாயமாகப் படுகிறது.

பிழையாக இருந்தாலும் அது பெற்ற வாழ்வு பெரிது. புயலில் சிக்கிய மாலுமிக்குத் திசைகாட்டும் விண்மீனாக மரியாவை வாழ்த்தும் இலத்தீன் துதிப்பாடல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வழக்கில் வந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு அந்த உருவகத்தைப் பிரசங்கங்களில் ஐரோப்பா முழுவதும் பரப்பினார். துளி என்றே நின்றிருந்தால் இந்த இலக்கியம் எதுவும் பிறந்திருக்காது. சொல்லாராய்ச்சிக்கு நட்டம், கவிதைக்கு ஆதாயம்.

‘தலைவி’ என்ற விளக்கத்துக்குக் கேரளத்தில் பக்கத்து வீட்டுச் சாட்சி இருக்கிறது. சிரியக் கிறிஸ்தவ ஆயர்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மார்’ அதே அரமேயச் சொல்தான். தலைவர், ஐயன் என்று பொருள். ‘நம் தலைவி’ என்று மரியாவை விளிக்கும் ஐரோப்பிய மரபோடு இது இசைந்துபோனதால் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல்லின் பெண்பால் வடிவம் ஏற்கெனவே தனிப் பெயராக இருக்கிறது: மார்த்தா. தலைவி என்ற பொருளுள்ள பெயரை அரமேயம் பேசியவர்கள் தேடியிருந்தால் அவர்கள் கையில் மார்த்தா இருந்தாள், மர்யம் தேவைப்பட்டிருக்காது.

எகிப்தா, உகாரித்தா?

19ஆம் நூற்றாண்டில் எகிப்தியச் சித்திர எழுத்துகள் வாசிக்கப்பட்ட பிறகு விவாதத்தின் களமே மாறியது. எகிப்திய மொழியில் ‘மெரி’ என்றால் நேசிக்கப்பட்டவர். மெரிரே, மெரித்தாத்தென், மெரித்தாமுன் என்று தெய்வப் பெயரோடு சேர்ந்து அது ஏராளமான ஆட்பெயர்களில் வருகிறது. மோசே என்ற பெயர் எகிப்தியம் என்பதைப் பெரும்பாலான அறிஞர் ஏற்கின்றனர். ஆரோனின் பேரன் பினெகாசின் பெயரும் அப்படியே. லேவி குலத்தில் மெராரி என்ற பெயரையும் சிலர் இதே ‘நேசம்’ வேரோடு சேர்க்கின்றனர். தம்பிக்கு எகிப்தியப் பெயர் என்றால் அக்காவுக்கும் அப்படி இருப்பதில் வியப்பென்ன என்பது வாதம். 1906இல் பிரான்ஸ் சோரெல் இதைக் கடவுளால் நேசிக்கப்பட்டவள் என்று விரித்தார். எகிப்திய முன்பாதியும் எபிரேய இறைப்பெயரின் பின்பாதியும் இணைந்தது என்றார்.

முன்பாதி நன்றாகவே ஒட்டுகிறது. இடறுவது பின்பாதி. சொல்லின் இறுதி மகரத்துக்கு எகிப்திய மொழியில் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. ஒரே பெயருக்குள் பாதி ஒரு மொழி, பாதி இன்னொரு மொழி என்பதும் எளிதில் நம்பக்கூடியதல்ல. சுருக்கப் பெயராக ‘மெரி’ மட்டும் நின்று, எபிரேயர் அதற்கு ஓர் ஈறு சேர்த்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லலாம் என்பதோடு அது நிற்கிறது.

சிரியக் கடற்கரையில் 1929 முதல் அகழப்பட்ட உகாரித்து நகரத்தின் களிமண் பலகைகள் வேறொரு வழியைத் திறந்தன. பாகால் தெய்வம் குடியிருக்கும் சாப்போன் மலையின் உச்சியைக் குறிக்க அங்கு வரும் சொல் ம-ர-ய-ம என்ற அதே நான்கு மெய்களால் ஆனது. உயரம், உச்சி என்பது பொருள். மர்யம் என்ற மூத்த வடிவத்தின் அகரத்தோடும் இது முரண்படவில்லை. கலகத்தைக் கவிழ்த்த அதே உயிரெழுத்து இதற்குத் துணை நிற்கிறது. ஆனால் மெய்கள் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. உகாரித்தில் அது இடத்தைக் குறிக்கும் சொல். பெண்ணின் பெயராக அது மாறிய பாதை தெரியவில்லை. இதே வேரை அரபு ‘மராம்’ என்ற விருப்பம் குறிக்கும் சொல்லோடு இணைத்து, விரும்பிப் பெற்ற குழந்தை என்று கொள்வோரும் உண்டு. வரம் இருந்து பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் எங்கும் உள்ளது என்பதால் அது மனத்துக்கு இணக்கமானது.

பார்டன்ஹேவரே கடைசியில் தேர்ந்துகொண்டது ‘செழுமையான உடலுடையவள்’ என்ற பொருளை. பண்டைக் கிழக்கில் அது அழகைக் குறித்தது என்றார். அறுபது விளக்கங்களை அலசியவர் வந்துசேர்ந்த இடம் அதுதான். அவர் காட்டிய வேரின் இறுதி மெய் பெயரில் காணப்படவில்லை என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. இன்று அதைத் தாங்கிப்பிடிப்பவர் குறைவு.

தெருவுக்குப் பல மரியாள்

பொருளை விட்டுப் பரவலுக்கு வந்தால் சான்றுகள் கனமாகின்றன. தால் இலான் 2002இல் வெளியிட்ட பெயரகராதி, கி.மு. 330 முதல் கி.பி. 200 வரை பாலஸ்தீன யூதர்களிடையே வழங்கிய பெயர்களை நூல்கள், கல்வெட்டுகள், எலும்புப் பேழைகள் எல்லாவற்றிலிருந்தும் திரட்டியது. பதிவான பெண்களில் கால்வாசிக்கும் அதிகமானோர் மரியாள் அல்லது சலோமே. புதிய ஏற்பாட்டில் சிலுவையைச் சுற்றி இத்தனை மரியாள்கள் நிற்பது ஏன் என்பது இதனால் விளங்குகிறது. மகதலா ஊர்க்காரி, குலோப்பாவின் மரியாள், யாக்கோபின் தாய் என்று அடைமொழி சேர்த்தால்தான் யார் என்று தெரியும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. எருசலேமின் தல்பியோத் பகுதியில் 1980இல் ஒரு கல்லறை திறக்கப்பட்டது. அதிலிருந்த பேழைகள் சிலவற்றில் மரியா, யோசே, யோசேப்பின் மகன் யேசு என்ற பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 2007இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்று அது இயேசுவின் குடும்பக் கல்லறை என்று பரபரப்பைக் கிளப்பியது. தொல்லியலாளர்கள் பலர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: அக்கால எருசலேமில் இந்தப் பெயர்கள் ஒரு குடும்பத்தில் கூடுவது அதிசயமல்ல. பேழையில் எபிரேய எழுத்தில் ‘மர்யம்’ என்றில்லாமல் ‘மரியா’ என்றே இருப்பதுதான் நம் கேள்விக்கு உதவுவது. இறுதி மகரம் உதிர்ந்த வடிவம் பின்னாளில் ஐரோப்பியர் செய்த சுருக்கமல்ல, யூதரே பயன்படுத்தியது. ரோமில் மாரியஸ் குலத்துப் பெண்களும் மரியா என்றே அழைக்கப்பட்டார்கள். அதற்கும் இதற்கும் பிறப்பில் உறவில்லை என்றாலும் இலத்தீன் உலகில் இந்த வடிவம் வேரூன்ற அது உதவியிருக்கக்கூடும்.

நூற்றாண்டுகள் கிடப்பில் இருந்த பெயர் திடீரென ஏன் இப்படிப் பெருகியது? ஹஸ்மோனேய அரச மரபில் தேசியப் பெருமிதம் கொண்டவர்கள் அந்தக் குடும்பத்தின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்பது இலான் முதலானோரின் விளக்கம். சீமோன், யூதா, மத்தத்தியா போன்ற ஆண்பெயர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சலோமே அலெக்சாந்திரா என்ற அரசி கி.மு. 76 முதல் 67 வரை ஆண்டதால் சலோமேக்கும் பொருந்துகிறது. மரியாவுக்குக் காட்டப்படுபவள் ஹஸ்மோனேய இளவரசி மரியம்மே. ஏரோது மணந்து, கி.மு. 29இல் கொலைத்தண்டனை விதித்துக் கொன்றவள். அவள் புகழ் பெற்றது பிற்பட்ட காலத்தில் என்பதால் அலை அவளிடமிருந்தா தொடங்கியது, ஏற்கெனவே இருந்த அலைதான் அவளுக்கும் பெயர் தந்ததா என்ற ஐயம் எழுகிறது. இரண்டாவதே ஏற்புடையது என்று தோன்றுகிறது.

வைக்கத் தயங்கிய பெயர்

கிறிஸ்தவம் பரவியதும் எல்லாரும் மரியா என்று பெயர் வைத்தார்கள் என்ற எண்ணம் தவறு. 431இல் எபேசு பொதுச்சங்கம் மரியாவைக் கடவுளின் தாய் என்று அறிவித்த பின்னரும் மேற்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் இப்பெயர் நெடுங்காலம் அரிது. அளவுகடந்த பக்தியே தடையாக இருந்தது. அயர்லாந்தில் ‘முயிரெ’ என்ற வடிவம் இயேசுவின் தாய்க்கே ஒதுக்கப்பட்டது. மற்றப் பெண்களுக்கு வேறு வடிவம் வந்தது பின்னால். ஆண்களோ ‘முயிரெயின் ஊழியன்’ என்று பொருள்படும் கில்ல முயிரெ, மேல் முயிரெ என்ற பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். போலந்தில் இந்தத் தயக்கம் இன்னும் நீண்டது. 1646இல் அந்நாட்டு அரசனை மணந்த பிரெஞ்சு இளவரசி மரி லூயிஸ் அங்கே லுத்விகா மரியா ஆனாள். முதற்பெயராக மரியா இருப்பதை மக்கள் ஏற்கவில்லை.

எத்தியோப்பியாவில் ஹைலெ மரியம், கெப்ரெ மரியம் என்று ஆண்பெயர்கள் மரியாவின் வல்லமையையும் ஊழியத்தையும் சொல்கின்றன. ஸ்பெயினில் பெயரே மறைந்து அடைமொழி மட்டும் பெயராகிவிட்டது: தொலோரெஸ் என்றால் வியாகுலங்கள், மெர்செதெஸ் என்றால் கருணைகள், பிலார் என்றால் தூண். எல்லாம் ‘மரியா’ என்பதன் வால்கள், தலை உதிர்ந்துவிட்டது.

உச்சம் தொட்ட பெயர் சரியவும் செய்தது. அமெரிக்க அரசின் பெயர்ப் பதிவுகளில் 1880 முதல் 1946 வரை பெண் குழந்தைகளின் முதலிடம் மேரிக்குத்தான். லிண்டா ஆறாண்டு தட்டிப்பறித்த பின் 1953 முதல் 1961 வரை மறுபடியும் மேரி. 2009இல் முதல் 100 பெயர்களிலேயே அது இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு எதற்கும் பெயரின் பொருள் காரணமல்ல.

இஸ்லாமிய உலகில் கதை வேறு. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் மர்யம். 19ஆம் அத்தியாயம் அவர் பெயரையே தாங்குகிறது. அவருடைய தாயே குழந்தைக்கு இப்பெயரை வைத்ததாகவும் அங்கே வருகிறது. அந்த இடத்துக்கு உரை எழுதிய ஸமக்ஷரி, அவர்கள் மொழியில் மர்யம் என்றால் வணங்குபவள் என்கிறார். வேர்ச்சொல் ஆதாரமில்லாத விளக்கம். தாய் குழந்தையை இறைப்பணிக்கு நேர்ந்துவிட்ட கதையிலிருந்து பின்னோக்கி வரைந்தது. ரபிமார் கசப்பைக் கண்ட முறையும் இதுவே.

தமிழில்

தமிழுக்குள் இப்பெயர் பல வாசல்களில் நுழைந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசிய ‘மரியா’. அதிலிருந்து மரியம்மாள், மரியாயி. ஆங்கிலேயர் வழியே மேரி. அரபு வழியே மரியம் பீவி. மலையாளச் சிரியக் கிறிஸ்தவரிடம் மறியாம்மா. வேதாகமத் தமிழில் மோசேயின் அக்கா மிரியாமாகவும் இயேசுவின் தாய் மரியாளாகவும் நிற்பதால் இருவருக்கும் ஒரே பெயர் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

ஸ்பெயின்காரர் செய்ததைத் தமிழ்க் கத்தோலிக்கர் தம் வழியில் செய்திருக்கிறார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிலிருந்து ஆரோக்கியமேரி. சகாய மாதாவிலிருந்து சகாயமேரி. வியாகுல மாதாவிலிருந்து வியாகுலமேரி. வியாகுலமேரியும் தொலோரெஸும் ஒரே பெயர்தான். அமலோற்பவம், பனிமயம், அடைக்கலம் போன்றவற்றில் மேரி இல்லாமலேயே மேரி இருக்கிறாள். மரியதாஸ், மரியசூசை, மரிய அந்தோணி என்ற ஆண்பெயர்கள் அயர்லாந்து, எத்தியோப்பிய வழக்கங்களோடு வைத்துப் பார்க்கத்தக்கவை. இப்பெயர்களில் சில காலத்தையும் காட்டிக்கொடுக்கும். பிரான்சின் லூர்து நகரக் காட்சி 1858. போர்த்துக்கல்லின் ஃபாத்திமா காட்சி 1917. அதற்கு முன்னால் எந்த ஞானஸ்நானப் பதிவேட்டிலும் லூர்துமேரியோ ஃபாத்திமாமேரியோ இருக்க வழியில்லை. ஃபாத்திமா என்ற அந்த ஊர்ப்பெயரே அரபியர் ஆட்சிக்கால எச்சம் என்பதால், நம்மூர் ஃபாத்திமாமேரி தன் பெயரில் இரண்டு சமயங்களின் பெருமாட்டிகளைச் சேர்த்துச் சுமக்கிறாள்.

மரியம்மாளுக்கும் மாரியம்மாளுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்பதால் இரண்டும் ஒன்றே என்று சொல்லும் எழுத்துகள் அவ்வப்போது வருகின்றன. மாரியம்மனின் ‘மாரி’யை மழையோடோ கொள்ளைநோயைக் குறிக்கும் வடசொல்லோடோ இணைப்பது வழக்கம், செமித்திய மர்யத்தோடு அதற்கு வரலாற்று உறவு காட்டப்படவில்லை. தேர், கொடியேற்றம், நேர்த்திக்கடன் என வழிபாட்டில் கலப்பு உண்மை. பெயர்ப்பிறப்பில் கலப்பு என்பதற்குச் சான்று வேண்டும்.

தீராதவை

வேர்ச்சொல் விவாதத்தில் இன்று மிஞ்சி நிற்பவை எகிப்திய ‘நேசம்’, வடமேற்குச் செமித்திய ‘உயரம்’ அல்லது ‘விருப்பம்’ என்ற இரண்டு தரப்புகள். முதலாவதற்குக் குடும்பச் சூழல் சாதகம், சொல்லின் ஈறு பாதகம். இரண்டாவதற்குச் சொல்லமைப்பு சாதகம், ஆட்பெயராக வழங்கிய முன்மாதிரி குறைவு. கசப்பு, கலகம், தலைவி, விண்மீன் ஆகியவற்றை இனி விளக்க வரலாற்றின் பகுதியாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைப் பெயர் நூல்கள் ‘கசப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்கு ஆதாரமில்லை. எகிப்தியப் பக்கம் சாய்வதற்கு எனக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் மோசே, பினெகாஸ் போன்ற பெயர்கள் அருகில் இல்லாமல் மர்யம் தனியாகக் கிடைத்திருந்தால் அதை யாரும் எகிப்தியம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பரவல் பற்றிய கேள்விகளுக்கு விடை கிடைக்கும் வாய்ப்பு இதைவிட அதிகம். இரண்டாம் கோவில் காலத்து எருசலேமில் இந்த அலை எப்போது எழுந்தது என்பதைக் காலம் உறுதியான புதிய பொறிப்புகள் மாற்றி எழுதலாம். தமிழ்நாட்டுப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை வரிசையாக வைத்து வாசித்தால், மரியாயி எந்தத் தலைமுறையில் மேரியானாள், கடற்கரையில் முதலிலா உள்நாட்டிலா, எந்தத் திருத்தலம் எவ்வளவு தூரம் வரை பெயர் கொடுத்தது என்பதையெல்லாம் ஊர்வாரியாக வரையலாம். வேருக்கு இல்லாத ஆவண வசதி இதற்கு உண்டு.